இடுப்புப் பையும் இருபத்திரண்டு பாக்கெட்டும்

என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு கயிறு தாங்கும் இடத்தில் ஆறு கயிறு போடுகிற தொழில். ஆறில் ஐந்து அறுந்தாலும் மிச்சமுள்ள ஒன்று தாங்கும் என்று கல்யாணமான புதிதில் எனக்குப் படம் வரைந்து காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு இவர்மேல் நம்பிக்கையே வந்தது. அதே மனுஷனோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியபின் சொல்கிறேன், அந்த ஆறு கயிற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து நம்மைத்தான் கட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவோம். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் தூங்கி வழிகிற தூண்டில் இல்லை, இது ஈத்தூண்டில். இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி ஈ மாதிரி, கொசு மாதிரி எதையாவது செய்துகொள்ள வேண்டும். மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி நிற்க வேண்டும். கோலில் கட்டிய நீளமான நரம்பைத் தலைக்கு மேல் வீசி, அந்தப் பொய் ஈயை நிஜ ஈ விழுந்த மாதிரி தண்ணீர்மேல் இறக்க வேண்டும். மீன் ஏமாறாவிட்டால் வேறு ஈயை மாற்றிக் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை மாற்றுவேன். பிடிக்கிற மீனைத் திரும்ப விட்டுவிடுவோம். "திரும்ப விடுறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் போறீங்க?" என்று மகள் போனில் கேட்பாள். காசு கொடுத்து ஜிம்முக்குப் போய் நகராத சைக்கிளை மிதிக்கிறவள் என்னைக் கேட்கிறாள்.

இந்த வேலைக்குச் சின்னச் சின்னச் சாமான் நிறைய வேண்டும். ஈப் பெட்டிகள், நரம்புச் சுருள், நகவெட்டி, முள்ளைப் பிடுங்க ஒரு இடுக்கி, ஈ முழுகாமல் இருக்கத் தடவுகிற பசை. இதையெல்லாம் வைத்துக்கொள்ள வெஸ்ட் என்று ஒன்று விற்கிறார்கள். கையில்லாத சட்டை, உடம்பெல்லாம் பாக்கெட். எங்களிடம் ஒரே மாதிரி இரண்டு இருந்தன. ஒன்றுக்கு இருபத்திரண்டு பாக்கெட். இவர் இருபத்திரண்டையும் நிரப்புவார். நகவெட்டியே மூன்று வைத்திருப்பார். ஒன்று தொலைந்தால் இன்னொன்று, அதுவும் தொலைந்தால் இன்னொன்று.

போன வருஷம் என் இடது மார்பை எடுத்தார்கள். புற்றுநோய். அதோடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அந்த முடிச்சுகள் இல்லாத கையில் நீர் கோத்துக்கொள்ளும், வீங்கினால் சுலபத்தில் வடியாது என்று சொன்னார்கள். எனக்குக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் நல்லவள், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். "அந்தத் தோள்ல பட்டை போட்ட எதையும் மாட்டாதீங்க. கைப்பை, வெஸ்ட், எதுவும் வேணாம். வலது கையால தூண்டில் வீசுங்க, தாராளமா வீசுங்க" என்றாள். தாராளமா என்ற வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்ற வார்த்தையை இவர் பிடித்துக்கொண்டார்.

மறுபடி ஆற்றுக்குப் போன முதல் ஞாயிறு, காரின் பின்கதவைத் திறந்தபோது என் வெஸ்ட்டைக் காணோம். என் சாமான் முழுவதும் இவருடைய வெஸ்ட்டுக்குள் ஏறியிருந்தது. ஏற்கெனவே கர்ப்பிணி மாதிரி இருந்த வெஸ்ட், இப்போது இரட்டைக் குழந்தை.

"நீ கோலை மட்டும் புடி. மத்ததெல்லாம் என்கிட்ட இருக்கு" என்றார்.

அன்று முழுக்க என்னிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றார். நான் ஈ மாற்ற வேண்டுமென்றால் கையை நீட்ட வேண்டும். சின்னக் கறுப்பு கேட்டால் பெரிய பழுப்பை எடுத்துக் கொடுத்தார். எந்தப் பாக்கெட் என்று தேடி எடுப்பதற்குள் மேலே வந்த மீன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விடும். நான் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். மூன்று ஞாயிறு இப்படியே போனது. மூன்று மீன், முப்பது சண்டை.

எனக்கு எரிச்சல் ஈயினால் இல்லை. ஆஸ்பத்திரியில் நான் நோயாளி. வீட்டில் நோயாளி. நான் லென்ஸ் பொருத்துகிற கண்ணாடிக் கடையில், பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டு வேலை செய்தவளுக்கு, முதலாளி ஒரு மெத்தை வைத்த ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு இடத்திலாவது நான் பழைய ஆளாகத் தனியாக நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு இடம் ஆறுதான். அங்கேயும் ஒருத்தர் பத்தடியில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் எங்கே போவது?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்களுக்குப் பழக்கம். காது வரை மீசை, அதனால் மீசைக்காரர். அவர் எடுத்ததும் ஒரு ரோஸ் கலர் வெஸ்ட்டைக் காட்டினார்.

"லேடீஸுக்குன்னே வந்திருக்கு மேடம். வெயிட்டே இல்ல."

"மீனுக்கு ரோஸ் புடிக்குமா?"

"மீனுக்கு இல்ல, உங்களுக்கு..."

"எனக்கும் புடிக்காது. தோள்ல எதுவும் படக்கூடாது. வேற என்ன இருக்கு?"

மீசைக்காரருக்கு விஷயம் தெரியும் போலிருக்கிறது. சட்டென்று குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரல் இறக்கம் எனக்கு ஒரு வருஷமாகப் பழக்கம், அதனால் கடுப்பாகப் பார்த்தேன். அவர் உடனே குரலை ஏற்றிக்கொண்டார், அதற்காக அவரை மன்னித்தேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு இடுப்புப் பையை எடுத்துப் போட்டார். ஒரு பெரிய அறை, முன்னால் ஒரு சின்ன அறை, இடுக்கி செருக ஒரு பட்டை, அவ்வளவுதான். இருபத்திரண்டு பாக்கெட்டுக்குப் பதில் இரண்டு.

"முதுகுப் பக்கமா வச்சுக்கோங்க. வேணுங்கிறப்ப முன்னால திருப்பி, எடுத்துட்டு, ஜிப்பை மூடி, திரும்பப் பின்னால தள்ளிடுங்க. ஆழத்துல இறங்குனா நெஞ்சுக்கு ஏத்திக்கோங்க. ஜிப்பை மூடாம மட்டும் ஒரு அடி எடுத்து வைக்காதீங்க மேடம். நானே ரெண்டு பெட்டியை ஆத்தோட விட்டிருக்கேன்."

"லென்ஸ்ல தூசி இருந்தா கண்டுபுடிக்கிறவ நான். ஜிப்பை மூடத் தெரியாதா?" என்றேன். வாய்க்கொழுப்பு.

வீட்டில் இவர் பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏதோ விபத்து நடந்த லிஃப்ட்டைச் சோதிக்கிற மாதிரி சோதித்தார். கொக்கியை நாற்பது தடவை போட்டுப் போட்டு எடுத்தார்.

"ஒரே ஒரு கொக்கி. இது விட்டுக்கிட்டா?"

"விட்டுக்கிட்டா பை போகும். நான் போக மாட்டேன்."

"வெஸ்ட்டு நனையாது. இது இடுப்பளவுத் தண்ணியில நனையும். மொத்தச் சாமானும் ஒரே இடத்துல இருக்கு. ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு."

"ஈ தாங்க போகும்! இறகு, நூலு!"

"நான்தான் எல்லாத்தையும் தூக்கிட்டு வர்றேனே. உனக்கு என்ன குறை?"

"நீங்க தூக்கிட்டு வர்றதுதான் குறை" என்றேன். "இந்த ஞாயித்துக்கிழமை நான் வளைவுக்கு மேல நிக்கப்போறேன். நீங்க வளைவுக்குக் கீழ. உங்களை எனக்குத் தெரியக்கூடாது, என்னை உங்களுக்குத் தெரியக்கூடாது."

இவர் கொக்கியை இன்னொரு தடவை போட்டார். ஒரு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. பரிசோதனை முடிவு வந்த அன்று, டாக்டர் சொல்லச் சொல்லச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். ஆபரேஷன் அன்று காப்பி வாங்கிக்கொண்டு வந்தார். கல் மாதிரி இருந்தாரே என்று அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது, பிறகு கோபமாக இருந்தது. கடைசியில் ஒரு விசிலோடு சமாதானம் ஆனது. ஆளுக்கொரு விசில் கழுத்தில். அரைமணிக்கு ஒரு தடவை அவர் ஊத வேண்டும், நான் பதில் ஊத வேண்டும். கயிறு கட்ட வேண்டும் என்று கேட்காமல் விட்டாரே, அதுவரைக்கும் புண்ணியம்.

ஞாயிறு காலை வளைவைத் தாண்டிப் போய் ஆற்றில் இறங்கினேன். பின்னால் யாரும் இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்து ரப்பரை இறுக்கிப் பிடித்தது. பையை முன்னால் திருப்பினேன், என் கையால் என் பெட்டியை எடுத்தேன், சின்னக் கறுப்பைக் கட்டினேன், ஜிப்பை மூடினேன், பின்னால் தள்ளினேன். ஒருவரிடமும் கையை நீட்டவில்லை. முதல் வீச்சு ஒரு செடியில் போய் மாட்டியது. யாரும் "பரவாயில்ல" என்று சொல்லவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்தான்.

முதல் விசில் வந்தது, பதில் ஊதினேன். இரண்டாவது விசிலுக்கும் ஊதினேன். அதற்குள் இரண்டு மீன் பிடித்துவிட்டிருந்தேன், இரண்டும் விரல் நீளம்.

அப்புறம்தான் எதிர்க்கரையில் தாழ்ந்திருந்த கிளைக்கு அடியில் ஒரு பெரிய மீன் மூக்கை நீட்டியது. நான் கட்டியிருந்த ஈயை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஈ பெரிது. பையைத் திருப்பி, மஞ்சள் பெட்டியை எடுத்து, இருப்பதிலேயே பொடியான ஈயாகப் பார்த்துக் கட்டினேன். பெட்டியைப் பைக்குள் போட்டேன். அந்த நேரம் பார்த்து மீன் மறுபடி மூக்கை நீட்டியது. ஜிப் ஞாபகமே இல்லை. கண்ணை மீனிலிருந்து எடுக்காமல் இரண்டு அடி ஆழத்தில் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறியது. வீசினேன். ஈ கிளைக்கு அடியில் நல்லபிள்ளையாக இறங்கியது. மீன் அதை விழுங்கியது.

கோல் வில்லாக வளைந்தது. நான் வாழ்க்கையில் பிடித்ததிலேயே பெரிய மீன் அதுதான், இதில் பொய்யில்லை. அது மேலே இழுத்தது, பக்கவாட்டில் இழுத்தது. நடுவில் விசில் கேட்டது. என் இரண்டு கையும் மீனில் இருந்தன, வாயில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி விசில். 'ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டாரா மனுஷன்' என்று நினைத்தேன். மூன்றாவது தடவை விசில் நிற்காமல் கேட்டது, பிறகு நின்றுபோனது. நின்றது நல்லது என்றுகூட நினைத்தேன்.

வளைவில் தண்ணீர் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தால் இவர் கரையோரப் பாதையை விட்டுவிட்டு ஆற்றுக்கு நடுவிலேயே ஓடி வருகிறார். தண்ணீரில் ஓட முடியாது. ஆனால் இவர் ஓடுகிறார், விழுகிறார், எழுந்து ஓடுகிறார். தொப்பி இல்லை, கோல் இல்லை. ஒரு கையில் என் மஞ்சள் பெட்டி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைத்தான், அடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க? இங்க இருக்கேன்!" என்று கத்தினேன். நிமிர்ந்தார். நிமிர்ந்த வேகத்தில் அடுத்த அடி மடுவில் விழுந்தது.

வளைவுக்கு மேலே ஒரு மடு உண்டு. எங்கள் இருவருக்கும் அது தெரியும், இத்தனை வருஷமும் சுற்றிக்கொண்டுதான் போவோம். ஆழம் தெரியாமல் காலை விடுகிற மனுஷன் இல்லை அவர். கழுத்து வரை போய்விட்டார். ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் இறங்கியது. வெஸ்ட்டில் இன்னமும் இரண்டு ஆள் சாமான், நான் பைக்கு எடுத்தது போக மிச்சத்தை இவர் இறக்கவே இல்லை. கழுத்துவரை ஜிப், அதற்கு மேல் இரண்டு கொக்கி. ஊறிப்போய் அவரைக் கீழே இழுத்தது. ஒரு கையால் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூக்கை மட்டும் மேலே வைத்திருந்தார். பெட்டியை மட்டும் விடவில்லை.

நான் விளிம்புக்கு வந்தேன். வலது கையில் கோல், கோலில் மீன். யோசிக்க நேரமில்லாமல் இடது கையை நீட்டினேன்.

"புடிங்க!"

இவர் அந்தக் கையைப் பார்த்தார். வாயில் போன தண்ணீரைத் துப்பினார்.

"அந்தக் கை வேணாம்."

"என்னது?"

"அந்தக் கை வேணாம்! வெயிட்டு!"

"செத்துத் தொலையப் போறீங்க! புடிங்க!"

தலையை ஆட்டினார். தண்ணீருக்குள் போய் வந்த தலை, வேண்டாம் என்று ஆடியது. பாறையிலிருந்த விரல் வழுக்குவது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் கை அவர் முகத்துக்கு அரையடியில் இருந்தது. தொடவில்லை.

கோலை விட்டெறிந்தேன். மீனோடு போனது. வலது கையால் அவர் வெஸ்ட்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்து, பாறையில் காலை ஊன்றி, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் முழங்காலைப் பாறைமேல் ஏற்றினார். இருவரும் கரையில் போய் விழுந்தோம்.

மல்லாந்து கிடந்தார். கால்சட்டையிலிருந்து தண்ணீர் ஓடியது. மஞ்சள் பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

"விசில் ஊதுனேன். நீ ஊதல. ரெண்டாவது தடவையும் ஊதல" என்றார். "அப்புறம் இது வந்துச்சு. பெட்டி மட்டும் வந்துச்சு."

அப்போதுதான் என் இடுப்பைப் பார்த்தேன். பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, உள்ளே தண்ணீர். மீசைக்காரர் முகம் ஞாபகம் வந்தது. தப்பு என்மேல்தான், முழுக்க என்மேல்தான். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"கையை ஏன் புடிக்கல?"

"வீங்கிடும்ல."

"வீங்கினா கட்டுப் போட்டா இறங்கும். நீங்க போயிருந்தா? எதைக் கட்டி எதை இறக்குறது?"

நான் கேட்டதை நிஜமாகவே யோசித்தார்.

"அதை நான் யோசிக்கல" என்றார். "வருஷம் பூரா யோசிச்சது ஒண்ணைத்தான். நீ இல்லாம அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு. சாவியைப் போட்டுத் திறந்ததும் முதல்ல எந்த லைட்டைப் போடுறதுன்னு கூட யோசிச்சு வச்சிருக்கேன்." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார். ஒரு வருஷத்து அழுகை, சத்தமாக, மூக்கு ஒழுக. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வெஸ்ட்டின் கொக்கிகளைக் கழற்றினேன். எனக்கும் கண் நிறைந்துதான் இருந்தது, ஆனால் ஒருவர் கொக்கியைக் கழற்ற வேண்டுமே.

வெஸ்ட்டிலிருந்து என் சாமானை ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினோரு பாக்கெட்டில் இருந்தது. பையைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் அதில் போட்டேன். மிச்சத்தைக் கரையில் குவித்தேன். என் கோல் கீழே இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கிக்கிடந்தது, மீன் போய்விட்டிருந்தது. இவருடைய கோல் போட்ட இடத்திலேயே கிடந்தது. காரில் மாற்றுத் துணி இருந்தது, இரண்டு செட். இவராச்சே, அதனால்.

வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். இவர் உடம்பைத் துடைத்துக்கொண்டு, பழைய கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வெஸ்ட்டை எடுக்காமல் கோலை மட்டும் எடுத்தார்.

"இன்னும் நேரம் இருக்கே" என்றார். "நீ சொன்னது சரிதான். பத்தடியில நின்னா எவனாலயும் மீன் புடிக்க முடியாது. இப்ப நான் மேல போறேன். நீ கீழ நில்லு."

"சரி. ஆழத்துல இறங்காதீங்க."

"முழங்காலுக்கு மேல இறங்கல. சட்டைப் பையில நாலு ஈ வச்சிருக்கேன், போதும்."

வளைவைத் தாண்டிப் போனார். முதுகு தெரிந்தது, தலை தெரிந்தது, அப்புறம் மரங்கள்தான். நான் கீழே ஆற்றில் இறங்கி நின்றேன். பையைத் திருப்பினேன், ஈயைக் கட்டினேன், ஜிப்பை மூடி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். என் பக்கத்தில் யாரும் இல்லை, ஆறு முழுவதும் எனக்குத்தான். மூன்று மணி வரைக்கும் அங்கே நின்றேன். அத்தனை நேரத்தில் ஈ எங்கே விழுந்தது, மீன் வந்ததா போனதா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வளைவிலிருந்து ஏதாவது மிதந்து வருகிறதா என்று.